நெஞ்சோடு நில்லாத மருந்து

எங்கள் பெரியம்மாவுக்கு இழுப்பு இருந்தது. மார்கழி பிறந்தால் போதும், இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியலுக்குக் காத்திருப்பார். ஒரு வருடம் ஊருக்குப் போனபோது ஆளே மாறியிருந்தார். முகம் வட்டமாகி, கன்னங்கள் உப்பி, பார்த்தவர்களெல்லாம் “இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது, முகத்தில் என்ன ஒரு பூரிப்பு!” என்றார்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிய சிறிய வெள்ளை மாத்திரைகள் செய்த வேலை அது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புரிந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரை மட்டும் அவர் தொட மறுத்துவிட்டார். “அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். உடம்பையே கெடுத்துவிடுமாம்” என்பார். அவர் தினமும் விழுங்கிக்கொண்டிருந்ததும் ஸ்டீராய்டுதான். இன்ஹேலரில் இருந்ததைப்போலப் பல மடங்கு.

அவருடைய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனெனில் அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மருத்துவர்களும் அதே அச்சத்தோடுதான் இந்த மருந்தை உருவாக்கினார்கள். பிறகு அச்சத்தை மறந்தார்கள். மறந்ததற்கு விலை கொடுத்தபின் மீண்டும் கற்றுக்கொண்டார்கள். நோய் இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுவிட்டு, மற்ற உறுப்புகளுக்குத் தெரியாமல் திரும்பிவிடும் ஒரு மருந்து சாத்தியமா என்ற கேள்வியின் வரலாறு என்றும் இதைச் சொல்லலாம்.

மூச்சின் வழியே மருந்து கொடுப்பது புதிய எண்ணமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்க முயன்ற அதே ஆண்டர்சன்தான். இழுப்புக்காரர்கள் ஊமத்தையைப் புகைத்து நிவாரணம் பெறும் இந்நாட்டு வழக்கத்தை அவர் அறிந்திருந்தார். அவரிடமிருந்து அதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி 1802-ல் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஊமத்தைச் சுருட்டு ஐரோப்பா முழுவதும் பரவியது. இழுப்பினால் வாழ்நாள் முழுவதும் அவதிப்பட்ட மார்சல் ப்ரூஸ்ட், தக்கை பதித்த அறைக்குள் ஊமத்தைப் பொடியைக் கொளுத்தி அந்தப் புகைக்கு நடுவில்தான் தன் பெரும் நாவலை எழுதினார்.

ஊமத்தை சுவாசக் குழாய்களைத் தளர்த்தும் என்பது உண்மை. ஆனால் புகை நெஞ்சோடு நின்றுவிடவில்லை. வாய் உலரும், கண்பாவை விரியும், அளவு மீறினால் பிதற்றல் வரும். ‘உன்மத்தம்’ என்ற சொல்லைத் தன் பெயரிலேயே சுமக்கும் செடி அல்லவா? நுரையீரலின் நுண்ணறைகளை விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். அந்தப் பரப்பு முழுவதும் ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய திரை ஒன்றுதான். மூச்சில் நுழைவது உடல் முழுவதற்கும் போகும் என்று ஊமத்தை அன்றே காட்டியது. பின்னால் வந்தவர்கள் அதை மறந்தார்கள்.

*

ஸ்டீராய்டின் கதை தொடங்குவது சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இரண்டு சிறிய சுரப்பிகளில். 1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் ஒரு சிறு நூலை வெளியிட்டார். காரணமின்றி மெலிந்து, தோல் கறுத்து, சோர்ந்து இறந்த 11 நோயாளிகளைப் பற்றியது அது. இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது அட்ரினல் சுரப்பிகள் சிதைந்திருந்தன. அடுத்த ஆண்டே பாரிஸில் ப்ரௌன்-செக்கார் விலங்குகளிடமிருந்து அச்சுரப்பிகளை அகற்றிக் காட்டினார். எல்லாம் இறந்துபோயின. இத்தனை சிறிய உறுப்பு இல்லாமல் உயிர் இல்லை என்பது தெரிந்தது. அது என்ன சுரக்கிறது என்று தெரிந்துகொள்ள இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

1930களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டலும் ஸ்விட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்டைனும் அச்சுரப்பியின் புறணியிலிருந்து பல சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். கெண்டல் அவற்றில் ஒன்றுக்கு ‘இ’ என்று பெயரிட்டார். போர்க்காலத்தில், ஜெர்மானிய விமானிகள் அட்ரினல் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்றொரு வதந்தி கிளம்பியது. அமெரிக்க அரசு இந்த ஆய்வுக்கு உற்சாகத்துடன் ஆதரவளிக்க அந்த வதந்தியும் ஒரு காரணம். மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட், மாட்டின் பித்தநீரிலிருந்து தொடங்கி 36 படிகளில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்தார். கார்ட்டிசோன் என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான்.

1948 செப்டம்பர் 21 அன்று மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு அதை முதன்முதலாக ஊசியில் ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து கடைவீதிக்கு நடந்து போனார். மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான காட்சிகள் அதிகமில்லை. இரண்டே ஆண்டுகளில், 1950-ல், கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு வந்தது.

கார்ட்டிசோன் ஆஸ்துமா நோயாளிகளிடமும் அதே அற்புதத்தைச் செய்தது. அடைத்த மூச்சு திறந்தது. ஆனால் மருந்தைத் தொடர்ந்தவர்களிடம் வேறொன்றும் நிகழத் தொடங்கியது. முகம் நிலாபோல் வட்டமானது. பிடரியில் கொழுப்பு திரண்டது. தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கட்டியது. முதுகெலும்பு நொறுங்கியது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. கண்ணில் புரை விழுந்தது. மருத்துவர்களுக்கு இந்த உருவம் புதிதல்ல. ஓர் அரிய நோயாக ஹார்வி குஷிங் 1932-லேயே எழுதிவைத்தது இது. அரிய நோய் இப்போது மருந்துச் சீட்டிலிருந்து பிறந்துகொண்டிருந்தது.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத விளைவு. வெளியிலிருந்து ஹார்மோன் தாராளமாக வரும்போது, உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடுகிறது. வேலையற்ற சுரப்பி சுருங்கிவிடுகிறது. 1952-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு மரணம் பதிவானது. கார்ட்டிசோன் எடுத்து வந்த மூட்டுவாத நோயாளி ஒருவர், இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதிர்ச்சி நிலைக்குப் போனார். எதைச் செய்தும் மீளவில்லை. பரிசோதனையில் அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கிப் போயிருந்தன. ஆபத்து வரும்போது உடல் கைநீட்டிக் கேட்கும் ஒன்று அங்கே இல்லை. அப்படியொரு சுரப்பி திரும்ப விழித்தெழச் சில சமயம் மாதங்கள் ஆகும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது என்ற விதி இங்கிருந்து வந்தது.

கார்ட்டிசோன் மனத்தையும் விட்டுவைக்கவில்லை. பெர்ட்டன் ரூஷே 1955-ல் நியூயார்க்கர் இதழில் எழுதிய உண்மைச் சம்பவத்தைக் கொண்டு நிக்கோலஸ் ரே 1956-ல் ஒரு திரைப்படம் எடுத்தார். ஜேம்ஸ் மேசன் நடித்த பள்ளி ஆசிரியர் கார்ட்டிசோனால் உயிர் பிழைத்து, அதே கார்ட்டிசோனால் மனம் பிறழ்கிறார். நோபல் பரிசுக்கும் அந்தப் படத்துக்கும் இடையே ஆறே ஆண்டுகள். ஓர் அற்புதம் அச்சமாக மாற அவ்வளவு காலம்தான் தேவைப்பட்டது.

*

நுரையீரலுக்கு மட்டும் மருந்து போனால் போதுமே என்ற எண்ணம் வருவது இயல்பு. 1951-லேயே கெல்ஃபண்ட் என்பவர் கார்ட்டிசோனை மூச்சில் இழுக்கக் கொடுத்துப் பார்த்தார். அவருக்குப் பின் முயன்றவர்களுக்குப் பலன் ஒரே சீராகக் கிட்டவில்லை. கார்ட்டிசோன் தன்னளவில் செயலற்றது, உடலுக்குள் அது மாறிய பின்பே வேலை செய்யும் என்பது ஒரு காரணம். 1956-ல் ரைக்கர் நிறுவனம், அழுத்தினால் அளவாக மருந்து தெறிக்கும் சிறு குப்பியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனத் தலைவரின் ஆஸ்துமா உள்ள மகள், கூந்தலுக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேபோல என் மருந்து ஏன் வரக்கூடாது என்று கேட்டதில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். கருவி கிடைத்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் டெக்ஸாமெதசோன் மருந்தைத் தெளிப்பாகக் கொடுத்தபோது மூச்சு சீரானது. ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்து, அட்ரினலை மாத்திரையைப்போலவே அடக்கியது. வாசல் மாறியதே தவிர வந்தவன் மாறவில்லை.

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து, தோல் மருத்துவத்திலிருந்து வந்தது. ஸ்டீராய்டை முன்னங்கையில் தடவினால் அந்த இடத்தின் ரத்த நாளங்கள் சுருங்கித் தோல் வெளுக்கும். 1962-ல் மெக்கென்ஸியும் ஸ்டௌட்டனும் இந்த வெளுப்பை அளவுகோலாக்கினார்கள். தடவிய இடத்தில் வீரியம் மிகுந்த சேர்மம் எது என்பதை இப்போது கையிலேயே பார்த்துவிடலாம். அந்தச் சோதனையில் தேறி வந்ததுதான் நம் வீட்டு அலமாரிகளில் பலருக்கும் பழக்கமான பெட்னோவேட் களிம்பின் மருந்து. அதன் நெருங்கிய உறவினர் பெக்ளோமெதசோன் டைப்ரோப்பியோனேட். கிளாக்ஸோ குழுமத்தில் டேவிட் ஜாக் தலைமையிலான ஆய்வாளர்கள், தோலுக்குச் செய்ததை நுரையீரலுக்கும் செய்யலாமே என்று யோசித்தார்கள். ஒரு விதத்தில் பார்த்தால், இன்ஹேலர் என்பது நெஞ்சுக்குள் தடவும் களிம்பு.

1972-ல் டார்பி நகர மருத்துவர் ஹாரி மாரோ பிரௌனும் அவர் சகாக்களும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 60 நோயாளிகள். அவர்களில் ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியே வாழ்ந்தவர்கள் 37 பேர். அந்த 37 பேரில் 28 பேர் மாத்திரையை அறவே விட்டுவிட முடிந்தது. பரிந்துரைக்கப்பட்ட அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பாதிகூட இல்லை. அட்ரினல் அடங்கியதற்கான அடையாளம் ரத்தத்தில் தென்படவில்லை. மாத்திரையின் நிலா முகங்கள் மெல்ல வற்றி, மனிதர்கள் தங்கள் பழைய முகங்களுக்குத் திரும்பினார்கள்.

ஆனால் இந்த வெற்றியிலேயே முதல் மரணங்களும் நேர்ந்தன. மாத்திரையிலிருந்து இன்ஹேலருக்கு மாற்றப்பட்டவர்களில் சிலர் திடீரென இறந்தார்கள். காரணம் இன்ஹேலர் அல்ல. ஆண்டுக்கணக்கில் மாத்திரை உறங்கவைத்த அட்ரினல் இன்னும் விழிக்கவில்லை. மூச்சில் போன சிறு துளி அந்தக் குறையை ஈடுகட்டப் போதுமானதாக இல்லை. ஒரு காய்ச்சலோ விபத்தோ வந்தபோது உடலிடம் எதிர்த்து நிற்க எதுவுமில்லை. இந்த எச்சரிக்கை பின்னர் மருந்தோடு வரும் தாளிலேயே அச்சாயிற்று. முதல் தலைமுறை இன்ஹேலர்கள் உடல் முழுவதற்கும் போதாததால் ஆபத்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த தலைமுறையின் ஆபத்து இதற்கு நேர் எதிரானது.

*

நல்ல மருந்து ஒன்று கிடைத்தால் அதை அதிகமாகக் கொடுக்கத் தோன்றுவது மனித இயல்பு. 1980களில் ஒரு தெளிப்பில் 250 மைக்ரோகிராம் தரும் குப்பிகள் வந்தன. நாளொன்றுக்கு 1500, 2000 என்று அளவு ஏறியது. ஸ்வீடனிலிருந்து புடசோனைடு வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஃப்ளூட்டிகசோன் வந்தது.

இங்கே மருந்து போகும் பாதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய பம்புகளில் தெளித்த மருந்தில் 10 முதல் 20 சதவீதம்தான் நுரையீரலை எட்டும். பெரும்பகுதி தொண்டையில் படிந்து விழுங்கப்படும். விழுங்கியது குடல் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடுகிறது. புடசோனைடில் விழுங்கிய பங்கில் சுமார் 11 சதவீதம் தப்பி ரத்தத்தை அடையும். ஃப்ளூட்டிகசோனில் ஒரு சதவீதம்கூடத் தப்பாது. ஆகவே இது நெஞ்சோடு நிற்கும் மருந்து, எவ்வளவு கொடுத்தாலும் பாதகமில்லை என்ற எண்ணம் பரவியது.

அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. நுரையீரலை எட்டிய பங்குக்குக் கல்லீரல் என்ற காவலன் வழியில் இல்லை. அது நேராக ரத்தத்தில் கலந்து உடலைச் சுற்றி வந்த பிறகே கல்லீரலைச் சந்திக்கிறது. கொழுப்பில் கரையும் ஃப்ளூட்டிகசோன் திசுக்களில் நெடுநேரம் தங்கவும் செய்தது. ஊமத்தைப் புகை போன அதே வழிதான். பின்வாசலை இறுகப் பூட்டியவர்கள் முன்வாசல் திறந்திருப்பதைக் கவனிக்கவில்லை.

2002-ல் பிரிட்டனில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. இன்ஹேலர் ஸ்டீராய்டு எடுப்பவர்களில் அட்ரினல் நெருக்கடியைக் கண்டதுண்டா என்று அந்நாட்டு நிபுணர்களிடம் கேட்டிருந்தார்கள். 33 பேர் தெரியவந்தார்கள். அவர்களில் 28 பேர் குழந்தைகள். பல குழந்தைகளுக்கு ரத்தச் சர்க்கரை வீழ்ந்து நினைவு தப்பியிருந்தது. ஒரு குழந்தை இறந்துபோனது. 33 பேரில் 30 பேர் எடுத்தது ஃப்ளூட்டிகசோன். குழந்தைகளுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். இவர்கள் எடுத்ததோ 500 முதல் 2000 வரை. ஏதோ அரிய நச்சுத்தன்மையால் வந்த வினையல்ல இது. 1952-ல் அந்த மூட்டுவாத நோயாளிக்கு நேர்ந்ததே ஐம்பது ஆண்டுகள் கழித்துக் குழந்தைகளுக்கும் நேர்ந்தது.

மற்றவையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1997-ல் ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் பகுதியில் நடந்த கண் ஆய்வு, இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. வாழ்நாளில் எடுத்த மொத்த அளவு கூடக்கூடப் புரையும் கூடியது. 2001-ல் அமெரிக்காவில், மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்களிடம் இடுப்பெலும்பின் அடர்த்தி மருந்தின் அளவுக்கேற்பக் குறைவது பதிவானது. முதியவர்களின் முன்னங்கையில் காரணமின்றி ரத்தம் கட்டும் நீலத் திட்டுகளும் கவனத்துக்கு வந்தன. 1999-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த பிரையன் லிப்வர்த் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். நாளொன்றுக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல், ஃப்ளூட்டிகசோன் என்றால் 0.75 மில்லிகிராமுக்கு மேல், அட்ரினல் குறிப்பிடத்தக்க அளவு அடங்குகிறது என்றார். எய்ட்ஸ் சிகிச்சைக்கான ரிட்டோனவிர் மருந்தோடு ஃப்ளூட்டிகசோனை எடுத்தவர்களிடம் குஷிங்கின் நிலா முகமே தோன்றியது. ரிட்டோனவிர் கல்லீரலின் அழிக்கும் வேலையைத் தடுத்துவிடுவதால் வந்த வினை அது. புகைபிடித்துச் சிதைந்த நுரையீரல் உள்ளவர்களிடம் 2007-ல் முடிந்த பெரிய ஆய்வொன்றில், ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் எடுத்தவர்களில் 19.6 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களில் அது 12.3 சதவீதம்.

பெற்றோர்களை அதிகம் கலங்கவைத்தது குழந்தைகளின் உயரம். வட அமெரிக்காவில் 1041 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு இதற்குத் தெளிவான பதிலைத் தந்தது. நாளும் 400 மைக்ரோகிராம் புடசோனைடு எடுத்த குழந்தைகள், வளர்ந்து பெரியவர்களான பின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குள்ளமாக இருந்தார்கள் என்று 2012-ல் அறிவித்தார்கள். அந்தக் குறைவு மருந்து தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் நேர்ந்தது. அதன்பின் வருடாவருடம் கூடிக்கொண்டே போகவில்லை. இழப்பு உண்மையானது. ஆனால் அது ஒரு விரல் அகலத்துக்குள் அடங்குவது.

*

இவ்வளவையும் அடுக்கியபின் வாசகர் பெரியம்மாவின் பக்கம் சாய்ந்துவிடலாம். அதற்கு முன் தராசின் மறுதட்டையும் பார்த்துவிட வேண்டும். கனடாவின் சஸ்காட்சவான் மாகாணத்தில் 30,569 ஆஸ்துமா நோயாளிகளின் பதிவுகளைப் பரிசீலித்து சாமி சுய்ஸாவும் குழுவினரும் 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முந்தைய ஓராண்டில் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரை எத்தனை குப்பி பயன்படுத்தினார்கள் என்று எண்ணினார்கள். கூடுதலான ஒவ்வொரு குப்பிக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் 21 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்திய முதல் சில மாதங்களில் மரணம் மீண்டும் கூடியது. பக்கவிளைவின் பட்டியல் நீளமானது, ஆனால் சிகிச்சையில்லாத ஆஸ்துமாவுக்கு விளைவு ஒன்று போதும்.

இன்னொரு உண்மையும் தாமதமாகத் தெளிவானது. ஸ்டீராய்டு இன்ஹேலர் தரும் நன்மையில் பெரும்பகுதி குறைந்த அளவிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்குமேல் அளவை ஏற்றினால் மூச்சுக்குச் சேரும் லாபம் கொஞ்சம், உடல் முழுவதும் பரவும் நஷ்டம் அதிகம். 1980களிலும் 90களிலும் ஏறிய அளவுகளில் பலவற்றால் நோயாளிக்குப் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது என்பது கசப்பான முடிவு. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ளவர்கள் புடசோனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தார்கள். கடும் தாக்குதல்களைத் தடுப்பதில் அவர்கள் தினமும் எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் உடலில் சேர்ந்த ஸ்டீராய்டு நாளுக்கு 57 மைக்ரோகிராம். தினமும் எடுத்தவர்களுக்கு 340. 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு, ஸ்டீராய்டே இல்லாமல் குழாயை மட்டும் தளர்த்தும் இன்ஹேலரைத் தனியாகப் பரிந்துரைப்பதைக் கைவிட்டது. ஸ்டீராய்டைக் கைவிடாமலே அதன் அளவைக் கைவிடலாம் என்பதே எழுபது ஆண்டுகளின் பாடம். இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புவதும், மருந்தைச் சிறிது நேரம் தாங்கி வைக்கும் ஸ்பேசர் குடுவையைப் பயன்படுத்துவதும் அந்த அளவை இன்னும் குறைக்கும் எளிய காரியங்கள்.

உடலுக்குள் தனித்தனி அறைகள் இல்லை. நெஞ்சுக்கு என்று அனுப்பும் மருந்து எலும்புக்கும் கண்ணுக்கும் மூளையின் அடியிலுள்ள பட்டாணி அளவுச் சுரப்பிக்கும் சேதி சொல்லிவிட்டுத்தான் போகும். ‘பக்கவிளைவே இல்லை’ என்று சொன்னவர்களை இந்த வரலாறு பொய்யாக்கியிருக்கிறது. ‘ஸ்டீராய்டா, தொடவே கூடாது’ என்று சொல்பவர்களையும் அது பொய்யாக்கியிருக்கிறது. இரண்டு தரப்பும் கேட்கத் தவறியது ‘எவ்வளவு?’ என்ற ஒரே கேள்வியை.

பெரியம்மா கடைசிவரை இன்ஹேலரைத் தொடவில்லை. ஒரு மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுந்து நடக்கவே இல்லை. வயதாகிவிட்டது, எலும்பு அப்படித்தான் என்றார்கள் எல்லோரும். அந்த வெள்ளை மாத்திரைகளை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோதும் அவர் முகம் வட்டமாக, பூரிப்பாகவே இருந்தது.